ஆடு மேயும் வரை எல்லை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு ஆவணக் காப்பகத்தில் மேய்ச்சல் நிலக் கோப்புகள் என்று ஒரு பெரிய தொகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் அரசு அலுவலர்களும் கையால் வரைந்த வரைபடங்கள் இப்படிப்பட்ட கோப்புகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. முதல் தடவை பார்ப்பவருக்கு அவை அரைகுறையாகத் தெரியும். ஓர் ஓடை நெளிந்து வந்து பாதித் தாளில் நின்றுவிடும். அங்கொன்று இங்கொன்றாக மரங்கள், ஒரு குடிசை, நல்ல புல்வெளி என்றொரு குறிப்பு, ஓரத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரின் பெயர். அளவுகோல் இருந்தாலும் அதை நம்பித் தூரம் கணக்கிட முடியாது.

இவற்றை நில அளவைப் படங்களாக எடுத்துக்கொண்டு குறை சொல்லலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். என் பார்வையில் இவை மனுக்கள். ஒரு குறிப்பிட்ட அலுவலரின் மேசைக்குப் போவதற்காக, ஒரு குறிப்பிட்ட சலுகையைக் கேட்டு வரையப்பட்டவை. எதை வரைந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதற்கான காரணம் அந்த மேசையில்தான் கிடைக்கிறது.

இந்த வகையின் முன்னோடி 1835-இல் வந்தது. டாஸ்மேனியாவில் பண்ணை நடத்திவந்த ஜான் பேட்மேன், லான்செஸ்டனிலிருந்து ரெபெக்கா என்ற சிறு கப்பலில் போர்ட் பிலிப் விரிகுடாவுக்கு வந்தார். சில நாட்கள் நடந்து சுற்றிப் பார்த்தார். ஜூன் 6-ஆம் தேதி, அப்பகுதிப் பூர்வகுடிகளான குலின் மக்களின் பெரியவர்கள் எட்டுப் பேரோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக அறிவித்தார். கம்பளி, கோடரி, கத்தி, கண்ணாடி, மாவு ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் தரும் பொருட்களுக்கும் ஈடாக, இன்றைய மெல்பர்ன் பக்கம் 5 லட்சம் ஏக்கர், ஜீலாங் பக்கம் 1 லட்சம் ஏக்கர். பத்திரத்தில் எல்லை எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள்: ஆற்று முகத்திலிருந்து ஏழு மைல் உள்ளே ஓரிடம், அங்கிருந்து வடகிழக்காக 40 மைல், பிறகு மேற்காக 40 மைல், பிறகு மலை ஒன்றைக் கடந்து ஜீலாங் துறைமுகம். அந்த நாற்பது மைல்களில் பேட்மேன் கால் வைத்தது கொஞ்சம்தான். தாளில் போட்ட கோடு நிலத்துக்குப் போனதே தவிர, நிலத்திலிருந்து கோடு வரவில்லை.

அவர் பெயரில் வந்த வரைபடத்தில் ஆற்றின் முகப்பில் ஊருக்காக ஒதுக்கிய இடமும், பொது மேய்ச்சலுக்காக ஒதுக்கிய சதுப்பு நிலமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அப்போது அங்கே ஓர் ஐரோப்பிய வீடுகூட நிலைத்திருக்கவில்லை. ஊர் வருவதற்கு முன்பே ஊர்ப் பொதுநிலம் வந்துவிட்டது! இந்த நிலத்துக்காகப் பேட்மேன் சேர்ந்திருந்த சங்கத்தின் கூட்டாளிகளில் ஒருவரான ஜான் ஹெல்டர் வெட்ஜ் டாஸ்மேனியாவில் அரசு நில அளவையராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, விரிகுடாவைச் சுற்றிய நிலத்தைச் சங்கத்தின் பங்குதாரர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று வரைந்தவர் அவர்தான். அளப்பவரே பங்காளி. இது இந்த ஒரு சம்பவத்தோடு நிற்கவில்லை, பின்னால் வருகிறேன்.

இன்றைய விக்டோரியா அப்போது நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் அடங்கியிருந்தது. அதன் ஆளுநராகச் சிட்னியில் இருந்த ரிச்சர்ட் பர்க், 1835 ஆகஸ்ட் 26-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டு அந்த உடன்படிக்கை செல்லாது என்றார். நிலம் அரசருடையது, பூர்வகுடிகளிடம் வாங்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் வாதம். பேட்மேனின் காகிதம் போயிற்று. ஆனால் ஆடுகள் வந்துகொண்டே இருந்தன.

வராமல் இருக்க வழியில்லை. இங்கிலாந்தின் நெசவாலைகள் கம்பளியை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1829-இல் கவுண்டி எனப்படும் நிலப்பிரிவுகள் பத்தொன்பதை வகுத்து, அதற்குள்தான் குடியேறலாம் என்று சொல்லியிருந்தது. தலைமை நில அளவையர் தாமஸ் மிட்செல் அந்தப் பத்தொன்பதுக்கும் 1834-இல் ஓர் அருமையான வரைபடம் முடித்தார். முக்கோண அளவை செய்து, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அந்தப் படத்தின் விளிம்புக்கு வெளியே சட்டப்படி யாரும் இருக்கக் கூடாது. நடைமுறையில் மந்தைகள் அந்த விளிம்பைக் கவனிக்கவே இல்லை. தடுக்க முடியாது என்று தெரிந்ததும் பர்க் 1836-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டி உரிமம் எடுத்தால் எல்லைக்கு வெளியே ஆடு மேய்க்கலாம். நம் ஊரில் புறம்போக்கை ஆக்கிரமித்தவருக்குத் தாசில்தார் அலுவலகம் 'பி மெமோ' கொடுப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான், ஆனால் பணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது. நாளைக்குப் பட்டா கேட்கும்போது அந்த ரசீதுதான் முதல் ஆதாரம்.

இந்த 10 பவுண்டில் ஒரு விசேஷம் உண்டு. ஐயாயிரம் ஏக்கர் பிடித்தவரும் ஐம்பதாயிரம் ஏக்கர் பிடித்தவரும் கட்டியது ஒரே தொகை. பரப்பைக் கேட்காத வரிக்குப் பரப்பைக் காட்டும் படம் எதற்கு? ஆரம்பகாலக் கைவரைபடங்களில் பரப்பு துல்லியமாக இல்லாததற்குச் சோம்பேறித்தனமோ கல்வியின்மையோ முக்கியக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதைத் துல்லியமாகச் சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை என்பதே பெரிய காரணம்.

அளந்திருக்க முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. அன்றைய அளவைக் கருவி கண்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணிகள், 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சென்னை மாகாணத்தை அளந்ததும் இதே முறையில்தான். நாம் இன்றைக்கும் மனை விலை பேசும்போது சொல்லும் சென்ட் அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்கு; பழைய புலப்படங்களில் எண்கள் லிங்க்ஸ், அதாவது கண்ணிக் கணக்கில் இருப்பதும் அதனால்தான். தஞ்சாவூர் வயலுக்கு இது ஒத்துவரும். 20 சதுர மைல் பண்ணையைச் சரியான சதுரமாகவே வைத்துக்கொண்டாலும் சுற்றளவு கிட்டத்தட்ட 18 மைல் வருகிறது. 1,430 தடவை சங்கிலி போட வேண்டும், நடுவில் மரம் வெட்டிப் பார்வைக்கோடு திறக்க வேண்டும். நில அளவைத் துறையில் ஆட்களோ குறைவு. இருந்தவர்களும் விற்பனைக்கு வந்த ஊர் மனைகளை அளப்பதில் மூழ்கியிருந்தார்கள். 1837-இல் ராபர்ட் ஹாடில் மெல்பர்னின் தெருக்களைச் சங்கிலி பிசகாமல் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்; அங்கிருந்து குதிரையில் சில நாள் தொலைவில் ஒருவர், காலையில் கிளம்பிச் சாப்பாட்டு வேளைக்குள் போய்ச்சேர முடிந்த தூரத்தை மைலாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

சாலைகூட அப்படித்தான் உண்டானது. 1836-இல் மிட்செல் மேற்கு விக்டோரியா வழியாக ஒரு நெடும்பயணம் போனார். மாட்டு வண்டிகளும், படகு ஏற்றிய வண்டியும் மழையில் ஊறிய மண்ணில் ஆழமாகத் தடம் பதித்தன. அதைப் பின்பற்றித்தான் வடக்கிலிருந்து மந்தைகள் இறங்கின. மிட்செல் படையில் மேஜர் என்பதால், மேஜரின் தடம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பண்ணைக்காரர்களுக்கு முதல் வரைபடம் மண்ணிலேயே கிடந்தது. அந்தப் பயணத்தில் ஆகஸ்ட் இறுதியில் போர்ட்லண்ட் கரையை அடைந்த மிட்செல், மனிதர் இல்லாத இடம் என்று எண்ணிப் போனார். ஆனால் அங்கே ஹென்டி குடும்பம் 1834 நவம்பரிலேயே அனுமதி எதுவும் இல்லாமல் வீடு கட்டி, பயிர் வைத்து, ஆடு வளர்த்துக்கொண்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது. மேய்ச்சல் பண்ணையின் நடுப்புள்ளியிலிருந்து எந்தத் திசையிலும் அரை மணி நேர நடை, அதுதான் பண்ணை. காகிதத்தில் போட்டால் வட்டம். பக்கத்துப் பக்கத்தில் வட்டங்கள் வைத்தால் இடையில் சந்து விழும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சந்துகளையும் மந்தைகள் வீணாக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் அளவு நடையில் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது. ஓர் ஆட்டுப் பட்டிக்கும் அடுத்ததற்கும் மூன்று மைல் இடைவெளி வேண்டும் என்பது வழக்கு. தகராறு வந்தால் நடுவில் பாதியாகக் கோடு. அதனால் இந்தப் படங்களில் மிகத் தெளிவாக இருப்பது அண்டை அயலாரின் பெயர்கள்.

தகராறு இல்லாத இடமே இல்லை. 1839-க்குப் பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அரசு நில ஆணையர் இருந்தார். எல்லைக் காவலர்கள் என்ற குதிரைப்படை அவரோடு சுற்றியது. போர்ட்லண்ட் பே மாவட்டத்துக்கு 1840-இல் வந்தவர் ஃபாஸ்டர் ஃபையன்ஸ். இந்தியாவிலும் பர்மாவிலும் போர்ப் பணியில் இருந்த படைத்தலைவர். நார்ஃபோக் தீவுக் கைதி முகாமில் வேலை பார்த்த கடுமை அவருக்குப் பின்னால் நின்றது. ஜீலாங்கிலிருந்து தெற்கு ஆஸ்திரேலிய எல்லை வரை அவர் பொறுப்பு. இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரே நீர்க்குழியைக் கேட்டால், ஆணையர் குதிரையில் வந்து பார்த்து, இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை என்று சொல்லிவிட்டுப் போவார். மரங்களில் பட்டையைச் சீவிக் குறி வைப்பார்கள். மரம் இல்லாத சமவெளியில் ஏர் பூட்டி நீளமாக ஓர் உழவுசால் ஓட்டுவார்கள். வேலி வருவது பெரும்பாலும் 1850-களுக்குப் பிறகு. அதுவரை அந்த ஒற்றைச் சால்தான் எல்லை. கைவரைபடத்தில் உழவுசால் என்று எழுதி ஒரு நேர்க்கோடு இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குடிசைகள் ஏன் அவ்வளவு அழுத்தமாக வரையப்பட்டன என்பதும் இங்கேதான் விளங்குகிறது. மந்தை பகலில் இடையனோடு மேயும். இரவில் தட்டிகளால் கட்டிய பட்டியில் அடையும். வீட்டிலிருந்து தள்ளி மேய்க்கும் ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு குடிசை வேண்டும். ஆள் இருக்கிறார், ஆடு இருக்கிறது என்பதுதான் உரிமைக்கு ஆதாரம். ஆகவே குடிசை அனுபோகச் சான்று. உள்ளே இருந்தவர் தண்டனைக் காலம் முடிந்த கைதியாக இருக்கலாம். ஸ்காட்லாந்திலிருந்து கூலிக்கு வந்தவராக இருக்கலாம். படத்துக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை, கூரை இருந்தால் போதும்.

நீர்தான் அடுத்தது. ஓடையின் ஒவ்வொரு வளைவும் இருக்கும். ஓடைக்கு அப்பால் பத்து மைல் வெறும் வெள்ளைத்தாள். கரையைப் பிடித்தவருக்குப் பின்னால் இருக்கும் வறண்ட நிலம் தானாக வந்து சேரும், ஏனென்றால் அங்கே வேறு யார் மந்தையும் தண்ணீர் குடிக்க முடியாது. 1860-களில் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து சிறு விவசாயிகள் நிலம் எடுக்க முடிந்தபோது, பெரிய பண்ணைக்காரர்கள் நீர்முனைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி வாங்கி மிச்சத்தை ஆளில்லாமல் ஆக்கினார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கான பயிற்சி இந்தப் பழைய படங்களிலேயே நடந்திருக்கிறது.

1847 மார்ச் 9-ஆம் தேதி லண்டனிலிருந்து வந்த அரசாணை ஆட்டத்தை மாற்றியது. குடியேற்றம் எட்டாத பகுதிகளில் 14 ஆண்டுக் குத்தகை, இடைப்பட்ட பகுதிகளில் 8 ஆண்டு. குத்தகை கேட்பவர்கள் எல்லை விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 1848-இல் அரசிதழ் பக்கம் பக்கமாக அவற்றை வெளியிட்டது: குத்தகைதாரர், பண்ணையின் பெயர், உத்தேசப் பரப்பு, எத்தனை ஆடு தாங்கும், பிறகு நான்கெல்லை. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்ன ஓடை, தெற்கே குறியிட்ட மரவரிசை, மேற்கே ஒரு மலைத்தொடர். வாடகை ஏக்கருக்கு இல்லை. 4,000 ஆடு தாங்கும் நிலத்துக்கு 10 பவுண்டு, அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் ஆட்டுக்கும் இரண்டரை பவுண்டு. எத்தனை ஆடு தாங்கும் என்று முதலில் எழுதிக் கொடுத்தவரே குத்தகை கேட்பவர். குறைத்துச் சொன்னால் லாபம், எல்லையைக் கூட்டிச் சொன்னால் லாபம். இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் தொங்கும் எண்களை இன்றைய ஆய்வாளர்கள் சிலர் அப்படியே எடுத்து அட்டவணை போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அதே அரசாணையில் இன்னொன்றும் இருந்தது. பண்ணை வீட்டைச் சுற்றி 640 ஏக்கரை, அதாவது ஒரு சதுர மைலை, ஏலத்துக்குப் போகாமல் ஏக்கர் ஒரு பவுண்டு என்று வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை. விற்பனை என்றதும் சங்கிலி வந்தது. 1850-களின் அந்த அளவைப் படங்களில் வீடு, கம்பளி வெட்டும் கொட்டகை, தோட்டம், ஆடு கழுவும் மடு எல்லாம் அடி பிசகாமல் நிற்கின்றன. ஒரே பண்ணைக்கு நடுவில் ஒரு சதுர மைல் கணிதம், சுற்றிலும் பல சதுர மைல் ஊகம். காசு கைமாறும் இடத்தில் மட்டும் கோடு நேரானது.

இனி, வெட்ஜைப் பற்றிச் சொல்லும்போது பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம். ஹென்றி டாங்கர் நியூ சவுத் வேல்ஸில் அரசு நில அளவையர். 1820-களில் ஹன்டர் பள்ளத்தாக்கை அளந்தவர். பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்று விசாரணையில் முடிவாகி, 1827-இல் வேலை போயிற்று. லண்டனுக்குப் போய் 1828-இல் ஹன்டர் பகுதியின் வரைபடத்தையும் குடியேற வருபவர்களுக்கான கையேட்டையும் வெளியிட்டார். திரும்பிவந்து ஆஸ்திரேலிய வேளாண் கம்பெனிக்கு அளவையரானார். தனக்கும் பண்ணைகள் சேர்த்தார். அவற்றில் ஒன்று மயால் கிரீக். 1838 ஜூன் 10-இல் அங்கே குறைந்தது 28 பூர்வகுடி மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், கட்டி இழுத்துச் செல்லப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். டாங்கர் அப்போது அங்கே இல்லை. ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இத்தகைய கொலைகளுக்கு அப்படித் தண்டனை கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம்.

பெரும்பாலான இடங்களில் வழக்கும் இல்லை, குறிப்பும் இல்லை. மேற்கு விக்டோரியாவில் கிளெனார்மிஸ்டன் பண்ணையை வாங்கிய நீல் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், புது நிலம் பிடிக்கப் போகிறவருக்குப் பூர்வகுடிகளைக் கொல்ல உறுத்தாத மனச்சாட்சி வேண்டும் என்ற பொருளில் 1839-இல் நாட்குறிப்பில் எழுதினார். அவர் ஏற்கெனவே பிடிக்கப்பட்ட நிலத்தை வாங்கினார். முன்பு அதை நிர்வகித்த ஃபிரடெரிக் டெய்லரும் ஆட்களும் அதே 1839-இல் அங்கிருந்த ஜர்கர்ட் வுரங் மக்களின் ஒரு குழுவை ஏறக்குறைய முழுவதுமாக அழித்திருந்தார்கள்.

வெள்ளைத்தாளாக விடப்பட்ட இடங்களில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அதே காலத்தின் இன்னொரு கை உதவுகிறது. பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலராக அரசு நியமித்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் 1841-இல் மேற்கு மாவட்டத்தில் பயணம் செய்தார். வில்லியம் மலை அருகே ஒரு சதுப்பில், விலாங்கு மீன் பிடிப்பதற்காக வெட்டிய வாய்க்கால்களும் கரைகளும் குறைந்தது 15 ஏக்கர் பரவிக் கிடந்ததைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினார், படமும் வரைந்தார். பண்ணைப் படத்தில் வெறும் சதுப்பு என்று ஒரு சொல்லாக முடிந்துபோகும் நிலவகை இது. இன்னும் தெற்கே, குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறைகளைக் கொண்டு கட்டிய மீன்பிடி அமைப்புகள் இருக்கும் பட்ஜ் பிம் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பண்ணைக்காரர்களின் கண் கெட்டுப்போகவில்லை. வாய்க்காலை வரைந்தால் அது இன்னொருவர் உழைத்து ஆண்ட நிலம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தன் வழக்குக்கு எதிரான சாட்சியை எந்த மனுதாரர் மனுவில் சேர்ப்பார்?

லண்டனில் குடியேற்ற அமைச்சராக இருந்த ஏர்ல் கிரே இந்த ஓட்டையைக் கண்டார். 1848 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதம், இந்தக் குத்தகைகள் மேய்ச்சல் உரிமையை மட்டுமே தருகின்றன, அந்நிலத்தில் உணவு தேடி அலையும் பூர்வகுடிகளின் பழைய உரிமையைப் பறிக்கவில்லை என்று சொன்னது. கடிதத்தில் அது இருந்தது. கோடாக எந்தப் படத்திலும் ஏறவில்லை. 1851-இல் தாமஸ் ஹாம் விக்டோரியாவின் பண்ணை வரைபடத்தை அச்சிட்டபோது அரசு அளவைகள், ஆணையர்களின் படங்கள், தனியார் அளவைகள் அனைத்தும் ஒரே தாளில் கலந்தன. சங்கிலி போட்ட கோடும் கண்மதிப்பில் இழுத்த கோடும் ஒரே மையில், ஒரே கனத்தில் வந்தன. அந்த ஆண்டில் விக்டோரியாவில் ஆடுகள் சுமார் 60 லட்சம். பூர்வகுடி மக்கள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 2,000 பேர் அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள்.

கிரேயின் கடிதம் நீதிமன்றத்தில் வேலை செய்ய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1996 டிசம்பரில், விக் என்ற பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கில், மேய்ச்சல் குத்தகை இருப்பதாலேயே பூர்வகுடி உரிமை அழிந்துவிடாது என்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, அந்த 1840-களின் கடிதப் போக்குவரத்தும் நீதிபதிகளின் வாதத்தில் இடம்பெற்றது. ஆனால் பண்ணைக்காரர்களின் காகிதங்கள் எதிர்த் திசையிலும் வெட்டும். மர்ரி ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தொடுத்த வழக்கில், 1840-களில் அங்கே பண்ணை நடத்திய எட்வர்ட் கர் என்பவர் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்புகளுக்கு விசாரணை நீதிபதி 1998-இல் பெரும் எடை கொடுத்தார். அந்த மக்கள் வாய்மொழியாகச் சொன்ன சாட்சியத்துக்கு அவ்வளவு எடை கிடைக்கவில்லை. 2002 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.